சமூகவியல்: தெரிந்ததைத் தெரியாத சொற்களில் சொல்லும் பாடமா?

10 ஆகஸ்ட், இரவு 9.10 (இழையைத் தொடங்கியவர்)

என் மகள் இந்த மாதம் இங்கே சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறாள். முதல் பருவத்திலேயே சமூகவியல் அறிமுகப் பாடம். அவளுடைய குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினேன். முதல் பக்கத்திலேயே ஓர் அட்டவணை. செயற்பாட்டியம் சமூகத்தை உடல் என்கிறது. முரண்பாட்டுக் கோட்பாடு போர்க்களம் என்கிறது. குறியீட்டு இடைவினைவாதம் நாடகமேடை என்கிறது. இவற்றுள் எது சரி என்று கேட்டால், "மூன்றும் சரிதான் அப்பா" என்கிறாள். முப்பது ஆண்டுகள் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். ஒரே தகட்டுக்கு மூன்று பேர் மூன்று அளவு சொன்னால், குறைந்தது இருவராவது தவறாக அளந்திருக்கிறார்கள் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: எல்லோருக்கும் தெரிந்ததை எவருக்கும் தெரியாத சொற்களில் சொல்லும் பாடம் இது. தவறென்றால் யாராவது விளக்குங்கள்.

10 ஆகஸ்ட், இரவு 11.40

வேலைக்குச் செல்லும் மாணவர்களுக்கு மாலை வேளைகளில் இந்த அறிமுகப் பாடத்தைப் பத்தொன்பது ஆண்டுகளாக நடத்திவருகிறேன். ஆண்டுதோறும் முதல் வாரத்திலேயே இந்தக் குற்றச்சாட்டைக் கேட்கிறேன். விளக்கத்திற்கு முன்னால் ஒரு சிறு சோதனை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களைப் பற்றி மிகப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 1949இல் பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் அதற்கு எழுதிய மதிப்புரையில் சில முடிவுகளைப் பட்டியலிட்டார். மூன்றை மட்டும் தருகிறேன். படித்த வீரர்களிடம், படிப்புக் குறைந்த வீரர்களைவிட, மனக்கலக்கத்தின் அறிகுறிகள் அதிகம். வெப்பமான தென்மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பசிபிக் தீவுகளின் வெயிலை வடக்கத்தியரைவிட எளிதாகத் தாங்கினார்கள். வெள்ளையின வீரர்கள் கறுப்பின வீரர்களைவிடப் பதவி உயர்வில் அதிக நாட்டம் காட்டினார்கள்.

இவை முன்பே தெரிந்தவைதாமா? தெரிந்தவை என்றால் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள்.

11 ஆகஸ்ட், காலை 7.05

இழையைத் தொடங்கிய கப்பல் பட்டறை அண்ணன் இரவோடு இரவாக எழுதிவிட்டார். படித்தவன் எதையும் அதிகம் யோசிப்பான், அதனால் கலங்குவான். வெயிலில் வளர்ந்தவனுக்கு வெயில் ஒரு பொருட்டல்ல. காலங்காலமாக ஒடுக்கப்பட்டவனுக்கு மேலே வர வேண்டும் என்ற ஆசையே வற்றிப்போயிருக்கும். மூன்றும் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், நான் எழுதிய மூன்று முடிவுகளும் தலைகீழானவை. லாசர்ஸ்ஃபெல்டே வேண்டுமென்று அப்படித் தலைகீழாக எழுதிவிட்டுத்தான், உண்மையில் கண்டறியப்பட்டது இதற்கு நேரெதிர் என்று அடுத்த பத்தியில் போட்டு உடைத்தார். படிப்புக் குறைந்தவர்களிடந்தான் அறிகுறிகள் அதிகம் இருந்தன. வெயிலைத் தாங்குவதில் தென்னகத்தவர் வடக்கத்தியரை விஞ்சவில்லை. பதவி உயர்வை அதிகம் விரும்பியவர்கள் கறுப்பின வீரர்கள்.

நேற்று நான் சரியான முடிவுகளைத் தந்திருந்தாலும் அண்ணன் அவற்றுக்கும் இதே வேகத்தில் காரணம் எழுதியிருப்பார், நானும் எழுதியிருப்பேன். 'இது எனக்குத் தெரியும்' என்ற உணர்வு பெரும்பாலும் முடிவைக் கேட்ட பிறகுதான் நமக்குள் எழுகிறது. அதைக் கொண்டு முடிவின் உண்மையைச் சோதிக்க முடியாது.

11 ஆகஸ்ட், இரவு 10.30

"ஏமாற்று வேலை" என்று அண்ணன் எழுதியிருக்கிறார். ஆம். ஆனால் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறைகளில் உழைத்துவரும் ஏமாற்று வேலை.

இப்போது அட்டவணைக்கு வருகிறேன். வகுப்பறை வசதிக்காகப் பிற்காலத்தவர் போட்ட கட்டங்கள் அவை. மார்க்ஸ் 1883இல் இறந்தார். 'முரண்பாட்டுக் கோட்பாடு' என்ற பெயர்ப்பலகையின்கீழ் தம்மை உட்கார வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. அமெரிக்கத் தத்துவவாதி ஜார்ஜ் ஹெர்பர்ட் மீட் 1931இல் இறந்தார். 'குறியீட்டு இடைவினைவாதம்' என்ற பெயரை அவருடைய வழிவந்த ஹெர்பர்ட் புளூமர் 1937இல்தான் சூட்டினார். மீட் எழுதியதாக மாணவர்கள் மேற்கோள் காட்டும் புகழ்பெற்ற நூல்கூட, அவர் மறைந்த பிறகு மாணவர்களின் வகுப்புக் குறிப்புகளைத் தொகுத்து 1934இல் வெளியிட்டது. ஒருவேளை உங்கள் மகளின் குறிப்பேடும் ஒரு நாள் அப்படி ஆகலாம், பத்திரப்படுத்துங்கள்.

தகட்டு உவமை இங்கே பொருந்தாததற்குக் காரணம், அந்த மூவரும் ஒரே அளவை எடுக்கவில்லை என்பதுதான். ஒரு கப்பலைப் பார்த்து, இத்தனை பாகங்கள் சேர்ந்து எப்படி மூழ்காமல் மிதக்கிறது என்று ஒருவர் கேட்கிறார். கப்பல் யாருக்குச் சொந்தம், சரக்கின் இலாபம் யாருக்குப் போகிறது, இயந்திர அறையில் வியர்ப்பவர் யார் என்று இன்னொருவர் கேட்கிறார். தொப்பி அணிந்த ஒருவரை எல்லோரும் 'கேப்டன்' என்று ஏற்று, நாள்தோறும் அவர் முன்னால் நிமிர்ந்து நிற்பது எப்படி நிகழ்கிறது என்று மூன்றாமவர் கேட்கிறார்.

11 ஆகஸ்ட், இரவு 11.15

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கொஞ்சம் அதிகமாகவே சமாதானம் பேசிவிட்டேன். மூவரும் வெவ்வேறு கேள்வி கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் சண்டையே இல்லாமல் போகிறது. ஆனால் சண்டை உண்டு. சில இடங்களில் ஒருவர் சொல்வது சரியென்றால் மற்றவர் சொல்வது தவறாகத்தான் இருக்க முடியும். "மூன்றும் சரிதான் அப்பா" என்பது தேர்வுக்குப் போதும், படிப்புக்குப் போதாது. நாளை மறுநாள் எழுதுகிறேன்.

13 ஆகஸ்ட், இரவு 10.05

அறிமுகப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த சண்டை, அமெரிக்கச் செயற்பாட்டியவாதிகளான கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் 1945இல் வெளியிட்ட ஒரு சிறிய கட்டுரையில் தொடங்குகிறது. எல்லாச் சமூகங்களிலும் ஏற்றத்தாழ்வு ஏன் இருக்கிறது என்பது அவர்களுடைய கேள்வி. சில பொறுப்புகள் சமூகத்துக்கு மிக முக்கியமானவை. அவற்றை ஏற்கத் தேவையான திறமையோ நீண்ட பயிற்சியோ சிலரிடந்தான் இருக்கும். அந்தச் சிலர் இளமையைத் தியாகம் செய்து பயில்வதற்கு ஊக்கம் வேண்டும். அந்த ஊக்கந்தான் உயர்ந்த சம்பளமும் மதிப்பும். ஆகவே ஏற்றத்தாழ்வு தானாகவே உருவான ஓர் ஏற்பாடு, அதனால் சமூகத்துக்கு நன்மையே என்று அவர்கள் வாதிட்டார்கள். இந்த ஊரில் வளர்ந்த எவருக்கும் இந்த வாதம் தாய்மொழி போலப் பழகியிருக்கும். தகுதிக்கேற்ற உயர்வு என்று நாம் பள்ளியில் கேட்டு வளர்ந்த பேச்சின் எலும்புக்கூடு இதுதான்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1953இல், மெல்வின் டியூமின் என்ற மற்றொரு சமூகவியலாளர் பதில் எழுதினார். எந்த வேலை 'முக்கியம்' என்பதை எப்படி அளப்பது? சம்பளத்தை வைத்து அளந்தால் வாதம் வட்டமடிக்கிறது: முக்கியமானதால் சம்பளம் அதிகம், சம்பளம் அதிகமானதால் முக்கியம். பயிற்சிக் காலத்தில் தியாகம் செய்பவர் மாணவரா, செலவை ஏற்கும் பெற்றோரா? எல்லாவற்றையும்விடக் கூர்மையான கேள்வி ஒன்று: ஏற்றத்தாழ்வு தலைமுறைகளாக நீடித்தால், அடித்தட்டில் பிறந்த பிள்ளைகளின் திறமை யார் கண்ணிலும் படாமலே போய்விடாதா? அப்படியானால் திறமையைத் தேடுவதாகச் சொல்லும் ஏற்பாடே திறமையை மறைக்கிறது.

இதில் இருவரும் சரி என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, கொவிட் பரவலை முறியடிக்க நாம் வீட்டிற்குள் அடைந்திருந்த அந்த எட்டு வாரங்களில், அத்தியாவசியச் சேவைகளின் பட்டியல் ஒன்று வந்தது நினைவிருக்கும். எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தை விடியற்காலையில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் முதியவரைச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் இணையம்வழி வகுப்பு நடத்தினேன். அவர் மின்தூக்கிப் பொத்தான்களை ஒரு நாளில் பலமுறை துடைத்தார். அந்த வாரங்களில் எங்களில் யார் முக்கியம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. யாருக்குச் சம்பளம் அதிகம் என்பதிலும் இல்லை.

டேவிஸ், மூர் பக்கத்தில் நிற்பவர் இதற்கும் விடை வைத்திருப்பார்: முக்கியம் மட்டும் போதாது, ஆள் கிடைப்பது அரிதாகவும் இருக்க வேண்டும் என்பார். சரி. ஆனால் துப்புரவுத் துறையில் 2014 முதல் குறைந்தபட்சச் சம்பளத்தை வரையறுக்கும் படிப்படியான சம்பள முறை கட்டாயமாக்கப்பட்டபோது, அந்த வேலையின் முக்கியமோ ஆள் பற்றாக்குறையோ ஒரே இரவில் மாறிவிடவில்லை. விதி மாறியது. சம்பளத்தை விதி மாற்றும் என்றால், யார் விதியை எழுதுகிறார், யார் கேட்டுப் பெறுகிறார் என்ற கேள்வி உள்ளே வந்துவிடுகிறது. அங்கேதான் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரும் மார்க்ஸும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள்.

14 ஆகஸ்ட், மதியம் 1.20

டியூமின் பொதுவுடைமைவாதியா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று காட்டுவதற்குக் கட்சி அட்டை தேவையில்லை.

17 ஆகஸ்ட், இரவு 9.50

"பெரிய பெரிய சமூகங்களை விட்டுவிட்டு, நான் தினமும் பார்ப்பதைச் சொல்லுங்கள்" என்று அண்ணன் கேட்கிறார். உணவங்காடிக்குப் போவோம்.

மதிய உணவு நேரம். நான்கு பேர் அமரும் மேசை. மேலே சில காசு பெறும் ஒரு டிஷ்யூ பொட்டலம். யாரும் உட்காருவதில்லை. இப்படி இடம் பிடித்து வைப்பதற்கு இந்த ஊர் ஆங்கிலத்தில் 'சோப்' செய்தல் என்று பெயர். தமிழ்நாட்டிலிருந்து வந்த என் சித்தப்பா முதல் முறை அந்தச் சொல்லைக் கேட்டபோது மேசையைக் கழுவப் போகிறார்கள் என்று எழுந்து நின்றார்.

என் மாணவர் ஒருவர் அத்தகைய மேசையில் வேண்டுமென்றே உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து எழுதினார். தட்டு நிறைய நாசி லெமாக்குடன் ஒருவர் வந்து நின்றார். எதுவும் பேசவில்லை. முதலில் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு மாணவரைப் பார்த்தார். மாணவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டார். தம்மை எழுப்பியது யார் என்று அவர் கட்டுரையில் கேட்டிருந்தார்.

1895இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் சொன்ன 'சமூக உண்மை' இதுதான்: நமக்கு வெளியே இருக்கிறது, நாம் பிறப்பதற்கு முன்பே இருந்தது, மீறும்போதுதான் அதன் கனம் தெரிகிறது. சட்டப் புத்தகத்தில் டிஷ்யூ பொட்டலத்துக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் ஓர் ஆளை எழுப்பும் வலு அதற்கு இருக்கிறது. ஆனால் இடைவினைவாதி வேறு இடத்தைக் காட்டுவார். விதி வானத்தில் தொங்கவில்லை, பொட்டலத்திலிருந்து முகத்துக்கு நகர்ந்த அந்தப் பார்வையில்தான் இருந்தது. அத்தகைய பார்வைகள் நின்றுபோனால் விதியும் மறைந்துவிடும் என்பார். விதி முதலா, பார்வை முதலா? இந்தப் பாடத்தின் பாதிப் புத்தகங்கள் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தோணி கிடன்ஸ் 1984இல் இரண்டையும் ஒன்றாகக் கட்ட முயன்றார்: கட்டமைப்பு நம் செயலை வரையறுக்கிறது, நம் செயலே கட்டமைப்பை மீண்டும் மீண்டும் உண்டாக்குகிறது என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. அன்று மதியம் அந்த மாணவரை எழுப்பியது எது என்று சொல்வதற்கு அது எனக்கு அவ்வளவாக உதவவில்லை.

எழுதப்படாத விதிகளை மீறிப் பார்ப்பதற்காகவே, அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெரால்ட் கார்ஃபிங்கல் தம் மாணவர்களை வீட்டுக்கு அனுப்பி, கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை தங்கள் சொந்த வீட்டிலேயே வாடகைக்குத் தங்கியிருப்பவர்போல மரியாதையாக நடந்துகொள்ளச் சொன்னார். குடும்பங்கள் திகைத்தன, கோபப்பட்டன, உடம்பு சரியில்லையா என்று கேட்டன. 1967இல் வெளிவந்த அவருடைய நூலில் இது இருக்கிறது. நான் மாணவியாக இருந்தபோது இதைத் தமிழில் செய்து பார்த்தேன். இரவு உணவின்போது அம்மாவிடம், "தாங்கள் சமைத்த குழம்பு மிகுந்த சுவையுடையதாக இருக்கிறது, இன்னும் சிறிதளவு கிடைக்குமா?" என்று கேட்டேன். தம்பி, "செய்தி ஆரம்பிச்சிடுச்சா?" என்று தொலைக்காட்சியைத் திரும்பிப் பார்த்தான். அம்மா முதலில் சிரித்தார். மூன்றாவது வாக்கியத்தில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஐந்தாவது நிமிடத்தில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "என் மேல என்னடி கோவம்?" என்று கேட்டார்.

எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையிலுள்ள தூரத்தை இலக்கண வகுப்பில் பல ஆண்டுகள் படித்திருந்தேன். அந்தத் தூரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மரியாதைச் சொல்லே மனவருத்தமாகக் கேட்கும் என்பது அன்றுதான் தெரிந்தது. அம்மாவைச் சமாதானப்படுத்த இரண்டு நாள் ஆயிற்று.

18 ஆகஸ்ட், காலை 6.50

அட்டவணையில் உள்ள 'நாடகமேடை' சமூகவியலாளர் எர்விங் கோஃப்மனுடையது, 1959இல் வந்த நூல் என்று நேற்று வேறொருவருக்குத் தனியே பதில் எழுதினேன். திருத்தம்: அமெரிக்கப் பதிப்புத்தான் 1959, எடின்பரோவில் அந்நூலின் முதல் வடிவம் 1956இலேயே வந்துவிட்டது. ஸ்காட்லந்துக்கு வடக்கே ஒரு ஷெட்லந்துத் தீவில் அவர் செய்த களப்பணியிலிருந்து பிறந்தது அது. தங்கும் விடுதியின் சமையற்கட்டில் ஒரு முகமும் விருந்தினர் கூடத்தில் இன்னொரு முகமுமாக ஊழியர்கள் மாறுவதை அவர் கவனித்தார். கதவுக்கு முன்பக்கம், பின்பக்கம். நம் கல்யாண வீடுகளில் சமையல் கொட்டகைக்கும் பந்திக்கும் நடுவே நின்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

24 ஆகஸ்ட், இரவு 10.40

கல்வி பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். "எல்லோருக்கும் ஒரே தேர்வு, ஒரே வினாத்தாள், இதில் வர்க்கம் எங்கே வந்தது?" என்பது ஒருவரின் கேள்வி.

1984இல், எனக்குப் பதின்மூன்று வயதில், வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். வசதியானவர்கள் வாழும் புக்கிட் தீமாவில் தரைவீடு. நாங்கள் குவீன்ஸ்டவுனில் மூவறை வீட்டில் எழுவர் இருந்தோம். அந்த வீட்டின் பியானோவோ புத்தக அலமாரியோ என்னை அவ்வளவாகத் திகைக்க வைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் அவளுடைய தந்தை அன்றைய நாளிதழில் வந்த ஏதோ ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஒரு பெரியவர் என் கருத்தைக் கேட்டது அதுதான் முதல் முறை. தோழி அதற்குள் தன் பதிலைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்: முதலில் இது, இரண்டாவது அது, ஆனால் மறுபக்கம் பார்த்தால் என்று.

பல ஆண்டுகள் கழித்துப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு எழுதியதைப் படித்தபோது அந்த மேசைதான் நினைவுக்கு வந்தது. பணத்தைத் தவிர வேறு மூலதனங்களும் உண்டு என்றார் அவர். பண்பாட்டு மூலதனம் மூன்று வடிவங்களில் இருக்கும்: உடம்பில் ஊறிய பழக்கமாக, புத்தகம் ஓவியம்போன்ற பொருளாக, சான்றிதழாக. இவற்றுள் முதலாவதைக் கடையில் வாங்க முடியாது. அதற்கு ஆண்டுகள் ஆகும். வந்துவிட்ட பிறகோ அது பிறவிக் குணம் போலத் தோன்றும். நேர்காணலில் தயங்காமல் பேசும் பிள்ளையைக் 'கெட்டிக்காரப் பிள்ளை' என்கிறோம். அந்தப் பிள்ளை ஆயிரம் இரவுச் சாப்பாடுகளில் ஒத்திகை பார்த்திருப்பதை நேர்காணல் நடத்துபவர் பார்ப்பதில்லை. வினாத்தாள் ஒன்றுதான், அதன் மொழி சிலருக்கு வீட்டு மொழி.

24 ஆகஸ்ட், இரவு 11.25

"துணைப்பாடத்துக்கு (டியூஷன்) அனுப்பினால் சரியாகிவிடும்" என்று பதில் வந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி இந்த ஊர்க் குடும்பங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.8 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளியைத் துணைப்பாடத்துக்குச் செலவிட்டன. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் அது 1.4 பில்லியன். எல்லோரும் எக்கிப் பார்த்தால் எவருக்கும் மேடை கூடுதலாகத் தெரியாது. கால் வலிதான் மிச்சம். ஆனால் இதைச் சொல்லிவிட்டு நானும் என் மகனை அனுப்பினேன். கணக்குக்கும் அறிவியலுக்கும்.

26 ஆகஸ்ட், இரவு 9.30

மேலே ஒரு நண்பர் வழக்கநிலையில், அதாவது குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களுக்கான உயர்நிலைப்பள்ளிப் பிரிவில், படித்ததைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்கு ஒரு துணைக் குறிப்பு.

1979இல் அப்போதைய துணைப் பிரதமர் கோ கெங் சுவீ குழுவின் அறிக்கைக்குப் பிறகு இங்கே மாணவர்களைத் தரம் பிரிக்கும் முறை வந்தது. இருமொழிக் கல்வியின் சுமை தாங்காமல் பள்ளியைவிட்டு நின்றவர்களைத் தக்கவைப்பது அதன் நோக்கம்; அந்த நோக்கம் பெருமளவு நிறைவேறியது. செயற்பாட்டியவாதி இதோடு பேனாவை மூடிவிடலாம். ஆனால் ராபர்ட் மெர்ட்டன் 1949இலேயே வெளிப்படை விளைவு, மறைமுக விளைவு என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். 'வழக்கநிலை' என்று பெயர் வைத்தார்கள். உயர்நிலைப்பள்ளி மாணவர்களில் பெரும்பாலோர் படித்ததோ விரைவுநிலையில். வழக்கத்துக்குச் சிறுபான்மையினர் பெயர் கொடுத்த விந்தை அது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாலை வகுப்பில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் சேர்ந்தார். கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளர். அறுபது பேரை வேலை வாங்குபவர். முதல் நாள் அறிமுகத்தில், "நான் வழக்கநிலை மாணவன், எனக்கு மெதுவாகத்தான் புரியும்" என்றார். பள்ளியை விட்டு இருபத்துநான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒருவர்மேல் குத்தும் பெயரே அவரை அப்படி ஆக்கிவிடும் என்னும் முத்திரைக் கோட்பாடு பற்றிச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963இல் எழுதியதை நான் நடத்துவதற்கு முன்பே அவர் நடத்திவிட்டார்.

2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து அந்தப் பெயர்கள் இல்லை. பாடவாரியாக நிலை பிரிக்கும் முறை வந்துவிட்டது. பெயர் போனால் முத்திரையும் போகுமா, அல்லது பிள்ளைகள் G1, G2, G3 என்ற புதிய எண்களிலேயே பழைய பெயரைப் படித்துக்கொள்வார்களா என்பதை உங்கள் மகள் ஆய்வேடாக எழுதலாம்.

எனக்கு ஓர் இரண்டாம் எண்ணமும் உண்டு. முத்திரைதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்றால் அந்த மேற்பார்வையாளர் என் வகுப்பில் உட்கார்ந்திருந்ததை எப்படி விளக்குவது? அவர் அந்தப் பருவத்தில் வாங்கிய மதிப்பெண் வகுப்பிலேயே இரண்டாவது.

31 ஆகஸ்ட், மாலை 5.15

மழை. மேசையில் தாள்கள் இருக்கின்றன; திருத்த மனமில்லை. ஆகவே வேபர்.

முதலாளித்துவம் மேற்கு ஐரோப்பாவில் ஏன் தழைத்தது என்று கேட்டு, சீர்திருத்தக் கிறித்துவத்தின் சில பிரிவுகளில் இருந்த கட்டுப்பாடான உழைப்பு மனநிலைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று வேபர் 1904, 1905இல் எழுதினார். பிறகு சீனத்தையும் இந்தியாவையும் ஆராய்ந்து, கன்ஃபூசியக் கோட்பாடு உலகத்தோடு ஒத்துப்போகச் சொல்கிறதே தவிர அதை மாற்றியமைக்கத் தூண்டவில்லை என்றார். அதாவது அது தடை. 1980களில் கிழக்காசியப் பொருளியல்கள் பாய்ந்து வளர்ந்தபோது, அதே கன்ஃபூசியப் பண்புகள்தாம் வளர்ச்சிக்குக் காரணம் என்று உலகெங்கும் பேச ஆரம்பித்தார்கள். ஒரே மரபு, ஒரு நூற்றாண்டின் தொடக்கத்தில் தடை, முடிவில் ஏணி. அண்ணன் முதல் நாள் எழுதிய மூன்று காரணங்களை மீண்டும் படித்துப் பாருங்கள். அறிஞர்களுக்கும் அந்த நோய் உண்டு.

அந்தக் காலத்தில் இங்கே உயர்நிலைப்பள்ளிகளில் சமயக்கல்வி கட்டாயமாக இருந்தது. கன்ஃபூசிய நெறியும் அவற்றுள் ஒரு தெரிவு. நான் இந்து சமயப் பாடம் எடுத்தேன். ஆகவே ஆசியப் பொருளியல் அதிசயத்தில் எனக்குப் பங்கில்லை.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியவர் சையத் ஹுசேன் அலாத்தாஸ். 1967 முதல் 1988 வரை இங்கே பல்கலைக்கழகத்தின் மலாய் ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்தவர். மலாய்க்காரர்கள் சோம்பேறிகள் என்ற காலனியப் பேச்சை எடுத்துக்கொண்டு, 1977இல் வெளியிட்ட நூலில் அதைப் பிரித்துப் போட்டார். தங்கள் வயலும் கடலும் இருக்கும்போது அந்நியர் தோட்டத்தில் அடிமாட்டுக் கூலிக்கு உழைக்க மறுத்தவர்களுக்குத்தான் 'சோம்பேறி' என்ற பட்டம் கிடைத்தது; தோட்ட வேலை மட்டுமே உழைப்பு என்று வரையறுத்தவர்கள் தோட்டங்களின் பக்கம் நின்றவர்கள் என்று காட்டினார். மேற்கில் பிறந்த கேள்விகளை அப்படியே இரவல் வாங்கி யோசிக்கும் ஆசிய அறிஞர்களைச் 'சிறைப்பட்ட மனம்' கொண்டவர்கள் என்று 1970களின் தொடக்கத்திலேயே கடிந்துகொண்டவரும் அவரே.

என் தாத்தா ஜொகூரில் ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். மலாய்க்காரரைச் சோம்பேறி என்றவர்களே தமிழரைப் பணிவானவர் என்று பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். கங்காணியிடம் பட்ட கடன் தீரும்வரை அவர் வேறெங்கும் போக முடியாது என்பதைப் பணிவு என்று யாரோ குறித்துக்கொண்டார்கள். அலாத்தாஸைப் படித்த பிறகு அந்தப் பெருமையை நான் சொல்வதில்லை.

7 செப்டம்பர், இரவு 10.10

அண்ணனின் மகளுக்கு முதல் கட்டுரை: 'துணைப்பாடம் தனிப்பட்ட விருப்பமா?' அவர் தம் விடையையும் இங்கே எழுதியிருக்கிறார்: "ஆம், யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை."

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் தந்த எடுத்துக்காட்டு இது. ஒரு இலட்சம் பேர் வாழும் நகரத்தில் ஒருவருக்கு வேலையில்லை என்றால் அவருடைய குணத்தையும் திறனையும் பார்க்கலாம். ஐந்து கோடிப் பேர் வேலை செய்யும் நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலையில்லை என்றால், தனி ஆளின் குணத்தில் விடை கிடைக்காது. ஒருவர் துணைப்பாடத்துக்குப் போனால் அது விருப்பம். வகுப்பில் பெரும்பாலோர் போனால், போகாதவர்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் புளோக்கில் மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது, "உங்க பையன் எங்க போறான்?" என்றுதான் கேட்பார்கள், போகிறானா என்று யாரும் கேட்பதில்லை.

கழுத்தைப் பிடித்துத் தள்ளியவர் யாருமில்லை. மேசையிலிருந்து அந்த மாணவரையும் யாரும் தள்ளவில்லை.

14 செப்டம்பர், இரவு 11.55

24ஆம் தேதிக் குறிப்பில் ஒன்று தவறு. ஒரு பெரியவர் என் கருத்தைக் கேட்டது அந்த மேசையில்தான் முதல் முறை என்று எழுதியிருந்தேன். மூன்று வாரங்களாக அந்த வாக்கியம் உறுத்திக்கொண்டிருக்கிறது. அது பூர்தியுவுக்கு வசதியான நினைவு. முழு நினைவு இல்லை.

பூர்தியுவை வைத்துப் பேசுபவர்கள் உழைக்கும் வீடுகளை வெறும் பற்றாக்குறையாகவே பார்த்துவிடுகிறார்கள் என்ற மறுப்பு பல ஆண்டுகளாக இருக்கிறது. யாருடைய பண்பாட்டுக்கு மூலதனம் என்று பெயர் என்று அமெரிக்கக் கல்வியாய்வாளர் டாரா யொஸ்ஸோ 2005இல் கேட்டார். அதை நான் ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். நடத்திக்கொண்டே என் வீட்டைப் பற்றி நேர்மாறாக எழுதியிருக்கிறேன்.

என் அப்பா துறைமுகத்தில் சுமை தூக்கியவர். கண்பார்வை மங்கிய பிறகு மாலையில் 'தமிழ் முரசு' நாளிதழை நான்தான் அவருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். நடுவில் கையைத் தூக்குவார், நிறுத்துவேன். ஒரு பீடி பற்றவைப்பார். "இவன் சொல்றது சரியா?" என்பார். எனக்கு ஒன்பது அல்லது பத்து வயது. தெரியாது என்றால் தலையை ஆட்டிவிட்டு, அதே பத்தியை மறுபடி படிக்கச் சொல்வார். இரண்டாவது முறை படித்து முடித்ததும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஏதாவது சொல்லும்வரை அடுத்த செய்திக்குப் போக விடமாட்டார்.